பொக்காளி வயலும் இறாலும்

கொச்சியில் வாழும் தமிழன்பர்கள் வைப்பின் தீவிற்கோ செல்லானத்திற்கோ ஒருமுறையேனும் சென்றிருப்பர். சாலையோரம் பரந்து கிடக்கும் உப்புநீரைக் கண்டு காயல் என்றே கருதியிருப்பர். நாமும் அவ்வாறே கருதினோம். அது வயல்; பாதி ஆண்டு நெல்லும் மறுபாதி இறாலும் தரும் பொக்காளி வயல்.

1341ஆம் ஆண்டில் பேரியாற்றில் பெருவெள்ளம் பெருகி, சேரர் துறையாகிய முசிறியைத் தூர்த்துக் கொச்சி முகத்துவாரத்தைத் திறந்தது என்பர். அவ்வெள்ளத்தின் பின்னரே பொக்காளி தோன்றிற்று என்பது வழிவழிக் கூற்று. பொக்கம் என்றால் மலையாளத்தில் உயரம். பயிர் ஒன்றரை மீட்டர் வளர்ந்து, வெள்ளத்திற்கு மேல் தலை நீட்டும்.

கோடையில் நீரை வடித்துச் சேற்றைச் சிறு குவியல்களாகக் கூட்டுவர். வைகாசிக் கடைசியில் பெய்யும் பருவமழை உப்பைக் கழுவிவிடும். முளைகட்டிய விதையைக் குவியலின்மேல் தெளித்து, ஒரு திங்கள் கழிந்ததும் நாற்றும் மண்ணுமாக வெட்டி வயலெங்கும் பரப்புவர். உரமில்லை, மருந்துமில்லை, மருந்திட்டால் பின்வரும் இறால் மடியுமன்றோ? ஐப்பசியில் கதிரை மட்டும் அறுத்துத் தாளை நீரில் விடுவர். பின்னர் மதகு திறக்கும். ஓதம் ஏறும்போது இறாற்குஞ்சுகள் உள்ளே வரும். இரவில் மதகருகே விளக்கேற்றி அவற்றை ஈர்ப்பர். நாரனும் சூடனும் அழுகிய தாளிடையே இரை தேடிக் கொழுக்கும். ஓதம் இறங்குகையில் மதகில் வலை கட்டிப் பிடிப்பர். வயலில் தங்கும் கழிவே அடுத்த நெல்லுக்கு எரு.

வைற்றிலையில் 1958இல் நெல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. பொக்காளியின் உப்புத் தாங்கும் மரபுக்கூற்றை அயல்நாட்டு அறிஞர்களும் பிற நெல்வகைகளில் ஏற்றி வருகின்றனர்.

'ஒரு நெல், ஒரு மீன்' என்பது கேரள அரசின் கொள்கை. அரசுக் கோப்புகளை மொழிபெயர்ப்பதே தொழிலாக உடைய நாம், இத்தொடரை அரை நிமிடத்தில் தமிழாக்கிவிட்டோம். நிலத்தில் அது அத்துணை எளிதன்று. இறாலுக்கு ஏற்றுமதி விலை ஏறியதும், ஆண்டு முழுதும் உப்புநீரைத் தேக்கவே உடைமையாளர் பலர் விழைந்தனர். ஒருகாலத்தில் ஏறத்தாழ 25,000 ஹெக்டேரில் விளைந்த பொக்காளி, இன்று சில ஆயிரம் ஹெக்டேருக்குள் சுருங்கிவிட்டது. நீருக்கு வரப்புத் தெரியாது. ஒருவர் தேக்கினால் அடுத்தவர் விதைக்க இயலாது. இடுப்பளவு நீரில் நின்று கதிரறுத்த பெண்களுக்குக் கூலி போயிற்று. வயலையடுத்த வீடுகளில் உப்பு ஏறிச் சுவரின் பூச்சு உதிர்கிறது.