வழுக்கையாற்றில் கடல்மீன்: எதிர்பாராத மீனை அடையாளங்காணும் முறை பற்றி

1. பிரச்சினை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. பெய்யும் மழையில் பெரும்பங்கைச் சுண்ணக்கல் நிலம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி, அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக மானிப்பாய்ச் சூழலைத் தொட்டு, அராலியில் பரவைக்கடலில் விழும் வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுகிற ஆறுதான். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகீழ்ப் பருவமழையில் அது குளத்தோடு குளத்தைத் தொடுத்துக்கொண்டு கடல்வரை போகும். வைகாசி, ஆனியில் அதே தடத்தில் மாடு மேயும்.

இத்தகைய ஆற்றில் வற்றுப்பெருக்கு எதுவரை ஏறும் என்பதற்கு நிலையான எல்லை இல்லை. பாக்கு நீரிணைப் பகுதியில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையிலான உயர வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆனால் ஆறு ஓடும் வலிகாமத்தின் தாழ்நிலம் மிகத் தட்டையானது. சிறிதளவு நீர் உயர்ந்தாலும் உவர் வெகுதூரம் பரவும். அராலியில் உள்ள தடுப்பணை இதைத் தடுக்கவும் மழைநீரைத் தேக்கவும் கட்டப்பட்டது. ஆகவே அணைக்கு மேலே வீச்சு வலையில் வெள்ளிநிற மீனொன்று விழுந்து, அது விராலும் அல்ல, கெளிறும் அல்ல, திலாப்பியாவும் அல்ல என்று தெரியும்போது இரண்டு விதமான பேச்சு எழுகிறது. ஒரு சாரார் தெரிந்த குளத்துமீன் ஒன்றின் பெயரை அதற்கு இட்டுவிடுகிறார்கள். மறுசாரார் அதை அபூர்வ மீன் என்று படம்பிடித்துப் பரப்புகிறார்கள்.

இரு சாராருடைய பிழைக்கும் வேர் ஒன்றே என்பது இக்கட்டுரையின் வாதம். மீனைப் பார்க்குமுன் நீரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்; அந்த முடிவே பெயரைத் தேர்ந்துவிடுகிறது. மீனை உடலுறுப்புகளால் மட்டும் அடையாளங்காண வேண்டும். நீரைத் தனியே அளக்க வேண்டும். அது வந்த வழியை மூன்றாவதாக, இந்த இரண்டையும் கொண்டு ஊகிக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் மூன்றும் கெடும்.

2. இடத்தைக் கேளாத திறவுகோல்

இலங்கை மீன்களுக்கு நல்ல நூல்கள் உண்டு. பி. ஈ. பி. தெரணியகலவின் வண்ணப்பட நூல் 1952இலும், இயன் மன்றோ கடல்மீனையும் நன்னீர்மீனையும் ஒரே நூலில் சேர்த்து எழுதிய பெருந்தொகுப்பு 1955இலும் வந்தன. றொஹான் பெத்தியாகொடவின் நன்னீர் மீன்கள் நூல் 1991இல் வெளியானது. மன்றோவின் நூலில் பல பெயர்கள் இன்று மாறிவிட்டன. ஆயினும் வற்றுப்பெருக்கு எட்டும் நீர்நிலையில் பிடிபட்ட மீனுக்கு அதன் அமைப்பே பொருத்தமானது. மீன் எங்கே கிடைத்தது என்று கேளாமல், செட்டை எத்தனை, முள் எத்தனை என்றே அது கேட்கிறது. நன்னீர் நூலை மட்டும் கையில் எடுப்பவர் தேடலைத் தொடங்குமுன்பே விடையைச் சுருக்கிக்கொள்கிறார்.

குடாநாட்டுப் பரவைக்கடலிலிருந்து ஏறக்கூடிய நான்கு வெள்ளிநிற மீன்களை எடுத்துக்கொள்வோம்: மணலை, பாலைமீன், தமிழகக் கரையில் மொரான்கெண்டை எனப்படும் மெகலோப்ஸ், அதன் உறவான ஈலோப்ஸ். ஓரடி நீளக் குட்டிகளாகக் கிடைத்தால் இவை நான்கும் தொலைவில் ஒன்றுபோல் தோன்றும். கையில் எடுத்தால் ஒரு நிமிடத்தில் பிரித்துவிடலாம்.

முதலில் முதுகைப் பார்க்க வேண்டும். மணலைக்கு இரண்டு முதுகுச் செட்டைகள். முன்னதில் நான்கு முட்கள். மற்ற மூன்றுக்கும் ஒரே முதுகுச் செட்டை. அதில் முள்ளே இல்லை. அடுத்து மீனை மல்லாத்தி, கீழ்த்தாடையின் இரு எலும்புகளுக்கு இடையே விரலை ஓட்ட வேண்டும். மெகலோப்ஸிலும் ஈலோப்ஸிலும் அங்கே தட்டையான எலும்புத் தகடொன்று விரலில் தட்டும். பாலைமீனில் மெல்லிய தோலே இருக்கும். தகடு உள்ள இரண்டையும் செதில் பிரித்துக் காட்டும். மெகலோப்ஸின் செதில் பெரியது. பக்கக்கோட்டில் ஏறத்தாழ நாற்பதே இருக்கும். ஈலோப்ஸுக்கு அதைப்போல் இருமடங்குக்கு மேல். அத்துடன் மெகலோப்ஸின் முதுகுச் செட்டையில் கடைசிக் கதிர் நூல்போல் நீண்டு பின்னே தொங்கும். பாலைமீனின் வாய் சிறியது; பல் கிடையாது; வால் ஆழமாகப் பிளந்திருக்கும்.

விலாங்கு வகைகளிலும் இதே ஒழுங்கு பயன்படும். பாம்புபோல் நீண்டதெல்லாம் விலாங்கு என்று எழுதிவிடுவது பொதுவான பழக்கம். உண்மையான விலாங்கில் முதுகு, வால், குதச் செட்டைகள் ஒரே விளிம்பாகச் சேர்ந்து வால் நுனியைச் சுற்றிவரும். பாம்பு விலாங்கு எனத்தக்க பிசோடோனோபிஸ் போரோவில் வால் நுனி கூர்மையாகவும் கடினமாகவும் இருக்கும். அங்கே செட்டை இல்லை. சேற்றில் வாலால் துளைத்து இறங்கும் இந்த மீன் கழிமுகங்களிலும் அவற்றையடுத்த வயல்களிலும் வாழ்வது. 1822இலேயே ஹமில்டன் கங்கை மீன்கள் பற்றிய நூலில் இதை விவரித்துவிட்டார். விலாங்கினங்களுக்குள்ளும் முதுகுச் செட்டை குதத்துக்கு நேரே தொடங்குகிறதா, வெகு முன்னே தொடங்குகிறதா என்று பார்த்தால் அங்குயில்லா பைகலரையும் புள்ளியுள்ள அங்குயில்லா பெங்காலென்சிஸையும் பிரிக்கலாம்.

3. தெரிந்த மீனும் ஏமாற்றும்

மீனவர் பெயர் சொன்னால் போதாதா என்று கேட்கலாம். மீனவர் அறிவைக் குறைத்து மதிப்பிட இங்கே இடமில்லை. வலையில் வந்ததை ஒரு நோக்கில் இனங்காணும் திறன் ஆய்வுகூடத்தில் கிடைப்பதல்ல. ஆனால் ஒரு பெயருக்குள் இரண்டு இனங்கள் ஒளிந்திருக்கலாம். கொடுவா இதற்குச் சிறந்த சான்று. இந்தியப் பெருங்கடலின் கொடுவா முழுவதும் 1790இல் பிளொக் பெயரிட்ட லேற்றஸ் கல்காரிஃபர் என்ற ஒரே இனம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2012இல் பெத்தியாகொடவும் கில்லும் இலங்கையின் மேற்குப் பகுதியிலிருந்து லேற்றஸ் லக்திவ என்ற புதிய இனத்தை விவரித்தனர். உடலின் உயரம் குறைவாக இருப்பதும், குதச் செட்டையில் மூன்றாம் முள் இரண்டாம் முள்ளைவிட நீண்டிருப்பதும் அதன் அடையாளங்களுட் சில. சந்தையில் நாள்தோறும் வெட்டி விற்கப்படும் மீனொன்றுக்கே இந்த நிலை. அளவு எடுக்காமல், மாதிரி வைக்காமல் எழுதப்பட்ட பழைய கொடுவாப் பதிவுகளை இன்று எந்த இனத்தின் கீழும் உறுதியாகச் சேர்க்க முடியாது.

எதிர்ப்பக்கப் பிழைக்குக் கங்கை சான்று தருகிறது. கங்கைச் சுறா 1839இல் முல்லரும் ஹென்லேயும் விவரித்த மிக அரிய இனம். ஆற்றில் சுறா பிடிபட்டாலே அது கங்கைச் சுறாதான் என்று எழுதிவந்ததால், ஆறுகளில் ஏறும் இயல்புள்ள காளைச்சுறாவின் பதிவுகள் பல அந்தப் பெயரில் குவிந்தன. இரண்டாம் முதுகுச் செட்டையின் உயரத்தை முதலாவதோடு ஒப்பிட்டிருந்தால் போதும்: கங்கைச் சுறாவில் அது ஏறத்தாழப் பாதி, காளைச்சுறாவில் மூன்றிலொரு பங்களவு. இடம் பெயரைத் தந்தது. செட்டையை யாரும் அளக்கவில்லை.

4. மீன் எதற்குச் சாட்சி?

அணைக்கு மேலே கடல்மீன் கிடைத்தது, ஆகவே உப்பு ஏறிவிட்டது என்ற முடிவு வலிகாமத்தில் இலேசாக எடுபடும். கிணற்றை நம்பி வாழும் நிலத்தில் அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் தருக்கம் சரியல்ல.

எலும்பு மீனின் உடல்நீரில் உள்ள உப்பு கடல்நீரில் உள்ளதில் மூன்றிலொரு பங்களவு. கடலில் அது நீரைக் குடித்து, மிகையான உப்பைப் பூக்கள் வழியே வெளியேற்றுகிறது. நன்னீரில் குடிப்பதை விட்டு, நீர்த்த சிறுநீரைப் பெருமளவில் கழித்து, உப்பைப் பூக்கள் வழியே உள்ளிழுக்கிறது. பெரும்பாலான மீன்கள் இந்த இரண்டில் ஒன்றையே செய்யவல்லவை. கொடுவா, மணலை, பாலைமீன், மெகலோப்ஸ் முதலியன இரண்டுக்கும் இடையே மாறவல்லவை. மெகலோப்ஸ் நீரின் மேல்வந்து காற்றையும் விழுங்கும். ஆகவே ஒட்சிசன் குறைந்த குட்டையிலும் பிழைத்துக்கொள்ளும். இத்தகைய மீன் ஒரு குளத்தில் கிடைப்பது அந்தக் குளம் உவராகிவிட்டதற்குச் சான்றாகாது.

ஆனால் வேறொன்றுக்கு அது உறுதியான சான்று. இவை எதுவும் நன்னீரில் இனம்பெருக்குவதில்லை. விலாங்கும் அப்படியே. ஆகவே கிடைத்த ஒவ்வொரு மீனும், மனிதர் கொண்டுவந்து விடாத பட்சத்தில், கடலிலிருந்து தானே ஏறிவந்தது. வழி எப்போதோ திறந்திருந்தது என்பதை அது சொல்கிறது. எப்போது என்பதை அதன் நீளம் சொல்லும்: விரலளவுக் குஞ்சு இந்த மாரியில் வந்தது, ஓரடிக்கு மேற்பட்டது முந்திய மாரியில் புகுந்து வற்றாத மடுவில் தங்கியதாக இருக்கலாம்.

இந்த அடிப்படையில் சாட்சிகளை மூன்றாக வகுக்கலாம். கடலில் பிறந்து நன்னீரிலும் வாழ்பவை வழிக்குச் சாட்சி. நன்னீரைத் தாங்காதவை உப்புக்குச் சாட்சி. மீன் அல்ல என்றாலும் கணவாய் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு, அந்த இனத்தில் எதுவும் நன்னீரில் வாழ்வதில்லை. மூன்றாவது வகை எதற்கும் சாட்சியாகாதது. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியா நன்னீரிலும் உவர்நீரிலும் வாழும், இரண்டிலும் இனம்பெருக்கும். எங்கே கிடைத்தாலும் நீரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. குஞ்சு விடப்படும் குளங்களின் வளர்ப்புக் கெண்டைகளும் வழியைப் பற்றி எதுவும் சொல்லா.

5. அணையும் எதிர்பார்ப்பும்

எதிர்பார்ப்பு என்பதற்கும் காலம் உண்டு. காவிரியில் உள்ளம் மீன் ஏறிவந்ததை அறிந்தவர்களுக்கு, 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் அதற்கு மேலே அந்த மீன் வியப்பாகிவிட்டது. 1975இல் கங்கையில் பரக்கா அணை இயங்கத் தொடங்கியபின் அலகாபாத் வரை பிடிபட்ட அதே மீன் அங்கும் அரிதாயிற்று. மீனின் இயல்பு மாறவில்லை, வழி அடைபட்டது. குடாநாட்டில் தொண்டைமானாற்றிலும் அராலியிலும் தடுப்பணைக் கதவுகள் அமைந்தபின் வளர்ந்த தலைமுறைக்கு உள்நாட்டுக் குளத்தில் பாலைமீன் வியப்பானது. கதவுக்கு முந்திய காலத்தில் அது மாரியோடு வரும் விருந்தாளியாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆகவே கதவு திறந்த நாள், மூடிய நாள் இரண்டும் மீன்பதிவின் பகுதியாக வேண்டும். நீரை அளக்கும்போதும் எச்சரிக்கை தேவை. நன்னீர் இலேசானது, மேலே மிதக்கும். உவர்நீர் அடியில் படியும். கதவு இடுக்கால் கசிந்த உவர் மடுவின் அடியில் நிற்க, மேல்நீரைச் சுவைத்துப் பார்த்து நன்னீர் என்று எழுதிவிடலாம். கையடக்க உவர்ப்புமானியால் மேல்நீரையும் அடிநீரையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

6. முடிவு

எதிர்பாராத மீன் கிடைத்தால் ஒரு பதிவில் இருக்க வேண்டியவை: இடப்பக்கம் தெரிய, அளவுகோலுடன் எடுத்த முழுப்படம், விரித்த செட்டைகளின் படம், தாடையடியின் படம், நீளம், முள், கதிர், பக்கக்கோட்டுச் செதில் எண்ணிக்கை, நாள், இடம், வலை, மேல்நீர், அடிநீர் உவர்ப்பு, கதவின் நிலை, மீனவர் சொன்ன பெயர், அவர் சொன்னபடியே. வலப்பக்கச் செட்டையில் ஒரு துண்டை வெட்டிச் செறிந்த எதனோலில் இட்டுவைத்தால் பின்னர் மரபணுவும் பார்க்கலாம். போமலினில் முதலிலேயே போட்டுவிட்டால் அந்த வாய்ப்புக் கெடும். இவ்வளவுக்கும் ஒரு கைபேசி, ஒரு அடிமட்டம், ஒரு கையடக்க உவர்ப்புமானி, எதனோலுடன் ஒரு சிறு போத்தல் போதும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மீன்பிடியியல் துறை இத்தகைய மாதிரிகளை எண்ணிட்டுப் பேணும் தொகுப்பொன்றை வழுக்கையாற்றுக்கெனத் தொடங்க வேண்டும். அராலிக் கதவைப் பராமரிப்போர் திறப்பு நாட்களை எழுதிவைத்து, ஆய்வாளர்களுக்குத் தர வேண்டும். மானிப்பாய், நவாலி, சண்டிலிப்பாய் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்கள் வரும் மாரியிலேயே மாணவரோடு முதற் பதிவுகளைத் தொடங்கலாம்.