மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் கார்களும் குதிரைவலுக் கணக்கும்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ். குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அக்காலத்தில் நோயாளரையும் பிள்ளைப்பேற்றுக்கான தாய்மாரையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றவற்றில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களும் அடங்கும். சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்வார்கள். இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடும். புகை தள்ளும், இழுவை குறையும். எவ்வளவு குறைந்தது என்று சொல்ல ஒரு கணக்கு வேண்டும். அதுவே குதிரைவலு.

குதிரைவலு என்பது என்ன?

550 இறாத்தல் பாரத்தை ஒரு செக்கனில் ஓர் அடி உயர்த்தும் வலுவை ஒரு குதிரைவலு என ஜேம்ஸ் வாட் வகுத்தார். இது ஏறத்தாழ 746 வாற்று. ஜப்பானியக் கார்களுக்குச் சொல்லப்படும் மெற்றிக் குதிரைவலு 735.5 வாற்று. ஒஸ்ரின் ஏ40 என்ற பெயரில் உள்ள 40, அதன் 1200 சிசி இயந்திரத்தின் குதிரைவலுவை அண்ணளவாகக் குறிப்பது.

ஏன் குறைந்தது?

மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவு பெற்றோலைவிட மிகக் குறைவு. அமுக்கம் கூடினால் அது நேரத்துக்கு முன்னரே வெடித்து 'நொக்' அடிக்கும். அதைத் தவிர்க்க அமுக்க விகிதத்தைக் குறைக்க வேண்டும், அல்லது தீப்பொறியைப் பிந்த வைக்க வேண்டும். இரண்டுமே வலுவைத் தின்னும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைத் தாண்டி வடிந்து இயந்திர ஒயிலையும் நீர்த்துப்போகச் செய்யும்.

சுப்பர்சார்ஜர் இதற்கு நேரெதிர். இயந்திரத்தின் சுழற்சியிலேயே இயங்கி, கூடுதல் காற்றை உள்ளே திணிக்கும். வளிமண்டல அமுக்கம் 14.7 பிஎஸ்ஐ, மேலதிகமாக 7 பிஎஸ்ஐ கொடுத்தால் காற்று ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். வலு அந்தளவுக்குக் கூடாது. அமுக்கிய காற்று சூடேறி விரியும். சுப்பர்சார்ஜரைச் சுழற்றவும் வலு செலவாகும். இங்கும் எல்லை போடுவது அதே 'நொக்' தான். ஆகவே 92 ஒக்ரேன் பெற்றோலில் ஓடும் வண்டிக்கு, உயர் ஒக்ரேனில் எடுத்த இலக்கத்தைச் சொல்வது பொருந்தாது.

அளப்பது எப்படி?

சுழலும் தண்டைப் பிரேக்கால் பிடித்து, அதன் முறுக்கத்தை அளக்கும் முறையைப் பிரான்சின் புரோனி 1821இல் அமைத்தார். இன்றைய டைனமோமீற்றரும் அதே வழியில் வந்ததே. முறுக்கத்தை (நியூற்றன் மீற்றர்) நிமிடச் சுழற்சியால் பெருக்கி 9549ஆல் வகுத்தால் கிலோவாற்று கிடைக்கும். 80 நியூற்றன் மீற்றர், 3000 சுழற்சி என்றால் 25 கிலோவாற்று. அதாவது ஏறத்தாழ 34 குதிரைவலு.

டைனமோமீற்றர் இல்லாவிடினும் வழி உண்டு. ஆட்களுடன் 1200 கிலோ எடையுள்ள கார், ஆளில்லாத நேர் தரையில், 40 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 60க்கு 8 செக்கனில் ஏறுகிறது என்று கொள்வோம். அதற்குத் தேவை ஏறத்தாழ 11.6 கிலோவாற்று. பின்னர் நியூற்றலில் விட, 60இலிருந்து 40க்கு 20 செக்கனில் இறங்கினால், காற்றும் ரயர் உராய்வும் தின்பது 4.6 கிலோவாற்று. இரண்டையும் கூட்டினால் சில்லில் கிடைப்பது 16.2 கிலோவாற்று, ஏறத்தாழ 22 குதிரைவலு. கியர்பெட்டியிலும் பின் அச்சிலும் இழப்பு இருப்பதால் இயந்திரத்தின் வலு இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

எதைக் கேட்க வேண்டும்?

மாற்றியமைத்த வாகனம் வாங்குவோர் மூன்றைக் கேட்க வேண்டும். இலக்கம் இயந்திரத்திலா, சில்லிலா எடுக்கப்பட்டது? எந்த எரிபொருளில்? மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே கருவியில் அளந்தார்களா?

தடைக்கால ஒஸ்ரின்களும் மாற்றியமைத்த இயந்திரங்களே. அவற்றை ஓட வைத்த மெக்கானிக்மாருக்கு வயதாகிவிட்டது. எஞ்சிய கார்களில் ஒன்றையாவது பெற்றோலிலும் மண்ணெண்ணெயிலும் ஓட்டி, இரண்டு இலக்கங்களையும் அவர்கள் செய்த முறையையும் எழுதி வைக்கலாம். ஒரு ஸ்ரொப் வோச்சும் ஒரு கொப்பியும் இருந்தால் போதும்.