சவர நுரையின் சூடு: தூத்துக்குடிக் கரை

பிரஷ்ஷால் அடித்தெழுப்பிய சோப்பு நுரையைச் சவரம் முடியும்வரை வெதுவெதுப்பாக வைத்திருப்பது பழைய சவரமுறையின் ஓர் அங்கம். தண்ணீரை உறிஞ்சிய தாடி முடியை அறுக்கக் குறைந்த விசை போதும். வெந்நீர் அந்த உறிஞ்சலை விரைவாக்குகிறது. ஆனால் நுரையில் பெரும்பகுதி காற்று என்பதால் அது தாங்கும் வெப்பம் சொற்பம். சில நிமிடங்களில் ஆறிவிடும். குமிழிகளில் உள்ள நீர் வடிந்தும் ஆவியாகியும் போனபின் முகத்தில் மிஞ்சுவது சோப்புப் பொருக்கு. கத்தி இழுப்பது அங்கேதான்.

குளிர்நாடுகளில் நுரை ஆறிப்போவதே குறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அடியறையில் வெந்நீர் ஊற்றி மேலே சோப்பு வைக்கும் பீங்கான் குவளைகள் புழக்கத்துக்கு வந்தது அதனால்தான். தூத்துக்குடியில் அதைவிடப் பெரிய தொல்லை நுரை உலர்ந்துபோவது. கோடையில் மேற்கிலிருந்து வீசும் வறண்ட கச்சான் காற்றும் சலூனில் தலைக்குமேல் சுழலும் மின்விசிறியும் ஒரு கன்னத்தை மழிப்பதற்குள் மறு கன்னத்தைக் காயவைத்துவிடும். இங்கே சூட்டை மட்டும் கூட்டினால் நுரை இன்னும் சீக்கிரம் உலரும். இரண்டாம் பூச்சுக்கு முன் பிரஷ் நுனியை வெந்நீரில் தொட்டு மறுபடி அடிப்பதே இந்த ஊருக்கு ஏற்ற வழி.

இரண்டாவது எதிரி தண்ணீர். சவர சோப்பின் முதன்மைப் பொருள் ஸ்டியரிக் அமிலத்தின் சோடியம், பொட்டாசியம் உப்புகள். பொட்டாசியம் கலந்தது மென்மையாகவும் எளிதில் கரைவதாகவும் இருக்கும். நீரில் கால்சியமும் மக்னீசியமும் மிகுந்தால் இவை கரையாத வெண்திரையாகப் பிரிந்துவிடும்; எவ்வளவு அடித்தாலும் நுரை எழாது. உப்பளங்கள் சூழ்ந்த இக்கரையின் கிணற்று நீரில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 1927-இல் நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்தின் முயற்சியால் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீர் குழாய்வழி ஊருக்கு வந்தது. குடிதண்ணீருக்காகக் கொண்டுவந்த அந்த ஆற்றுநீர் சவரத்துக்கும் பெரிய கொடை என்பது என் எண்ணம். கிணற்று நீர்தான் வாய்க்கிறது என்றால், நுரைக்கு மட்டுமாவது ஒரு டம்ளர் ஆற்றுநீரோ மழைநீரோ எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

கடலில் கதையே வேறு. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதால் சாதாரண சோப்பு திரண்டு பிரிந்துவிடும். தேங்காய் எண்ணெயில் செய்த சோப்பு மட்டும் ஓரளவு கரைந்து நுரைக்கும். நன்னீரைச் சிக்கனமாகச் செலவிட வேண்டிய கப்பல்களில் மாலுமிகளுக்கான சோப்பு தேங்காய் எண்ணெயில் செய்யப்பட்டதன் காரணம் இதுவே. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி ஓட்டிய துறைமுகத்துக்கு மிகப் பொருந்தும் சோப்பு அது. அந்த நுரையில் குமிழிகள் பெரியவை, ஆயுள் குறைவு. எனவே நுரையடித்த கையோடு மழித்துவிட வேண்டும்.

வீட்டில் சூட்டைக் காக்கத் தனிக் குவளை வாங்கத் தேவையில்லை. கனமான மண்சட்டியில் வெந்நீர் ஊற்றி, அதில் மெல்லிய எவர்சில்வர் கிண்ணத்தை இறக்கி வையுங்கள். மண் வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. மெல்லிய உலோகம் அதை நுரைக்குக் கடத்தும். நீர் கிண்ணத்தின் பாதி உயரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரஷ்ஷையும் முன்னதாகவே வெந்நீரில் ஊறவிட்டால், மயிர்களுக்கிடையே தங்கும் நீரே சூட்டை நெடுநேரம் தாங்கும். புறங்கையில் தடவிப் பார்த்தால் நுரை சுடக் கூடாது. கொதிக்கும் நீர் நுரையை உடைப்பதோடு தோலையும் புண்ணாக்கும்.

இந்த ஊர்ச் சவரத்துக்கு வரலாற்றிலும் இடமுண்டு. 1908-இல் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்ற கோரல் மில் வேலைநிறுத்தத்தையொட்டி எழுந்த கிளர்ச்சியில், சுதேசி இயக்கத்துக்கு எதிரானவர்களுக்கு நாவிதர்களும் சலவைத் தொழிலாளர்களும் பணி செய்ய மறுத்தார்கள். வழக்கறிஞர் ரங்கசாமி ஐயங்கார் எதிர்த்தரப்பைச் சேர்ந்தவர் என்று சவரத்தின் நடுவே அறிந்த ஒரு நாவிதர், பாதி முகத்தோடு அவரை விட்டுவிட்டு எழுந்து போனார். அடைப்பத்தில் கத்தியும் கிண்ணியும் சாணைக்கல்லும் சுமந்த ஒரு தொழிலாளி காட்டிய அரசியல் துணிவு அது. அவரை இந்நகரம் இன்னும் பெரிதாகக் கொண்டாட வேண்டும்.

வெதுவெதுப்பான நுரை கிருமியைக் கொல்லும் என்று நம்பக் கூடாது. முதல் உலகப்போர்க் காலத்தில் சரியாகச் சுத்திகரிக்காத குதிரைமயிர் பிரஷ்களால் படைவீரர்களுக்கு ஆந்த்ராக்ஸ் தொற்றியது. சலூன்களில் இன்று ஆளுக்கொரு புது பிளேடு போடுவது பரவலாகிவிட்டது. பிரஷ் மட்டும் பல இடங்களில் பொதுவாகவே இருக்கிறது. சலூனுக்குப் போகிறவர் தம் பிரஷ்ஷைத் தாமே கொண்டுபோய், வேலை முடிந்ததும் நல்ல நீரில் அலசி, மயிர் கீழ்நோக்கியிருக்கத் தொங்கவிட்டு உலர்த்துவது நல்லது.