பிரமாணம் மறுக்கப்பட்ட உறுப்பினர்

1966 ஜனவரி 10 அன்று அட்லாண்டாவில் ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றம் கூடியது. மற்ற உறுப்பினர்கள் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார்கள்; ஜூலியன் பாண்டுக்கு மட்டும் அவைச் செயலர் செய்துவைக்க மறுத்துவிட்டார். அவருக்கு எதிராக 75 உறுப்பினர்கள் மனுக் கொடுத்திருந்தார்கள். அன்றே விசாரணை, அன்றே வாக்கெடுப்பு. சேர்க்கக் கூடாது என்று 184 பேர், சேர்க்கலாம் என்று 12 பேர். பாண்டுக்கு 26 வயது நிறைய இன்னும் நான்கு நாள் இருந்தது. பின்னாளில் அந்த மாநிலத்தின் இரு அவைகளிலுமாக இருபது ஆண்டுகள் அவர் உறுப்பினராக இருந்தார். ஆனாலும் அவர் செய்த பெரிய காரியம், உள்ளே விடாமல் நிறுத்திவைக்கப்பட்ட அந்த ஓராண்டில்தான் நடந்தது என்பேன்.

அவர் செய்த குற்றம் என்ன? 1960-இல் மாணவர்கள் தொடங்கிய, எல்லோரும் ‘ஸ்னிக்’ என்றே அழைத்த அகிம்சைப் போராட்டக் குழுவுக்கு அவர் செய்தித் தொடர்பாளர். அந்த ஜனவரி 3-ஆம் தேதி அலபாமாவின் டஸ்கீகியில், கடற்படையில் பணியாற்றித் திரும்பிய சாமி யங் என்ற கறுப்பின மாணவர், வெள்ளையர் கழிப்பறையைப் பயன்படுத்த முயன்ற தகராறில் ஒரு பெட்ரோல் பங்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். மூன்றே நாளில் ஸ்னிக் அந்தக் கொலையைச் சுட்டிக்காட்டி, வியட்நாம் போரைக் கண்டித்து அறிக்கை விட்டது. கட்டாய ராணுவச் சேவைக்குப் போக மறுப்பவர்களையும் ஆதரித்தது. அறிக்கையை ஏற்கிறீர்களா என்று வானொலி நிருபர் கேட்டபோது, ஏற்கிறேன் என்றார் பாண்ட். ராணுவச் சேவை அட்டையைக் கொளுத்துகிறவர்களின் துணிச்சலை மதிக்கிறேன், ஆனால் என் அட்டையை நான் கொளுத்தவில்லை, பிறரைக் கொளுத்தச் சொல்லவும் இல்லை என்று விசாரணையில் விளக்கினார். விளக்கம் எடுபடவில்லை.

தன் உறுப்பினரின் தகுதியை அவையே தீர்மானிக்கக் கூடாதா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் வயது, வசிப்பிடம் என்று சட்டம் சொன்ன தகுதி எல்லாம் அவருக்கு இருந்ததை மாநில அரசே மறுக்கவில்லை. இப்படிப் பேசியவர் அரசியல் சட்டத்தைக் காப்பதாக மனமறிந்து பிரமாணம் எடுக்க முடியாது என்பதே அதன் வாதம். மனசுக்குள் புகுந்து பார்க்கும் அதிகாரம் பெரும்பான்மைக்கு உண்டென்றால், அவைக்குப் பிடிக்காத கருத்துள்ள எவரையும் வாசலிலேயே நிறுத்திவிடலாம். பாண்ட் நீதிமன்றம் போனார். கீழ் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகளில் இருவர் சட்டமன்றத்தின் பக்கம் நின்றார்கள். உச்ச நீதிமன்றமோ 1966 டிசம்பர் 5-இல் ஒருமனதாகப் பாண்டுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. சாதாரணக் குடிமகனுக்கு உள்ள பேச்சுரிமை சட்டமன்ற உறுப்பினர் ஆனதும் குறைந்துவிடாது, கொள்கை பற்றிப் பேச அவருக்குத் தாராளமான இடம் வேண்டும் என்று எழுதினார் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன்.

மாநில உறுப்பினருக்கு வியட்நாமில் என்ன வேலை என்று அன்று கேட்டவர்கள் உண்டு. அவருடைய 136-ஆம் தொகுதியில் ஏறக்குறைய 6,500 வாக்காளர்கள். அவர்களில் சுமார் 6,000 பேர் கறுப்பின மக்கள். போருக்குப் பிள்ளைகளை அனுப்பச் சொல்லி அழைப்பு வந்தது அந்த வீடுகளுக்கும்தான். அவருடைய பேச்சு தொகுதிக்கு அந்நியமாக இருந்திருந்தால் அவர்களே கைவிட்டிருப்பார்கள். காலியான இடத்துக்கு 1966 பிப்ரவரியில் நடந்த இடைத்தேர்தலிலும், நவம்பர் பொதுத்தேர்தலிலும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். வழக்குத் தொடுத்தவர்களில் மார்ட்டின் லூதர் கிங்கும் ஒருவர். தலைவராக அல்ல, அந்தத் தொகுதிவாசியாக.

1967 ஜனவரியில் உள்ளே போனவர் பெரிதாக எந்தச் சட்டத்தையும் கொண்டுவரவில்லையே என்பது இன்னொரு குறை. அதில் பாதி உண்மை. ஆனால் எண்பதுகளின் தொடக்கத்தில், மாநில மேலவையில் இருந்தபடி, அட்லாண்டாவின் 5-ஆம் நாடாளுமன்றத் தொகுதியில் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக அமைய வேண்டும் என்று விடாமல் வாதாடியவர் அவர்தான். 1986-இல் மேலவைப் பதவியை விட்டுவிட்டு அதே தொகுதியில் தன் கட்சியின் வேட்பாளராக உட்கட்சித் தேர்தலில் போட்டியிட்டார். எதிரே நின்றவர் பழைய ஸ்னிக் தோழர் ஜான் லூயிஸ். கறுப்பின வாக்குகளில் பெரும்பகுதி பாண்டுக்கே விழுந்தது. வெள்ளையர் வாக்கு லூயிஸ் பக்கம் குவிந்தது. பாண்ட் தோற்றார்.