அனில் அவச்சட்: போதை மீட்பையும் இயற்கையையும் எழுதியவர்

அனில் அவச்சட் (1944 – 27 ஜனவரி 2022) மராத்தி எழுத்தாளர், சமூகப் பணியாளர். மருத்துவம் படித்த இவர், தம் மனைவி மனநல மருத்துவர் சுனந்தா (அனிதா) அவச்சட்டுடன் சேர்ந்து புனே நகரில் முக்தாங்கண் போதை மீட்பு மையத்தைத் தொடங்கினார். அந்த மையத்தின் கதையை நூலாக எழுதினார். இயற்கையைப் பற்றிச் சிறுவர்களுக்கும் எழுதினார். தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இவ்விரு பணிகளும் ஒரே பார்வையிலிருந்து பிறந்தவை.

பிறப்பும் கல்வியும்

அவச்சட் புனே மாவட்டத்தின் ஓதூர் என்னும் ஊரில் பிறந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய பகுதி அது. அதே மலைத்தொடரின் தென்பகுதி அடிவாரத்தில்தான் இராஜபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே மம்சாபுரம் இருக்கிறது. புனேயின் பி.ஜே. மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றார். எனினும் மருத்துவத் தொழிலைத் தொடராமல் எழுத்தைத் தேர்ந்தெடுத்தார். பீகாரின் பூர்ணியா மாவட்டத்தைப் பற்றிய ‘பூர்ணியா’ (1969) அவருடைய முதல் நூல். பின்னர் வந்த ‘மாணசம்’ (மனிதர்கள்) உழைக்கும் எளிய மக்களின் வாழ்வைச் சொல்வது. அறிவுரை கூறாமல், நேரில் சென்று, கண்டதையும் கேட்டதையும் எளிய நடையில் பதிவு செய்வது அவர் வழக்கம்.

பிரௌன் சுகர் காலம்

1980-களில் இந்திய நகரங்களில் பிரௌன் சுகர் என்னும் தூய்மையற்ற ஹெராயின் இளைஞர்களிடையே பரவியது. போதைப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் நடுவண் சட்டம் 1985-இல் நிறைவேறியது. சட்டம் கடத்துபவரைத் தண்டிக்கும். அடிமையானவரை எங்கே அழைத்துச் செல்வது என்ற கேள்விக்கு அன்று பல ஊர்களில் விடை இல்லை. சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன், குடியால் கணவரை இழந்த துயரத்துக்குப் பின், டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையைத் தொடங்கியிருந்தார். நாட்டின் முன்னோடி முயற்சிகளுள் அதுவும் ஒன்று.

புனேயில் அவச்சட் இந்தப் போதையைப் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார். அவை ‘கர்த்’ என்ற நூலாயின. கட்டுரைகளைப் படித்த புகழ்பெற்ற மராத்தி எழுத்தாளர் பு.ல. தேஷ்பாண்டே, மீட்பு மையம் தொடங்க நிதியுதவி செய்தார். 1986 ஆகஸ்ட் மாதம் எரவாடா மனநல மருத்துவமனை வளாகத்தில் முக்தாங்கண் தொடங்கியது. ‘முக்தாங்கண்’ என்றால் திறந்த முற்றம் என்று பொருள். அம்மருத்துவமனையில் பணியாற்றிய சுனந்தாவே மையத்தை முன்னின்று நடத்தினார். புற்றுநோயோடு போராடியபடி பணியைத் தொடர்ந்த அவர் 1997-இல் காலமானார். அதன்பின் மகள் முக்தா புணதாம்பேகர் பொறுப்பேற்றார்.

மீட்பின் வழி

ஹெராயினை நிறுத்தியவுடன் உடல்வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை ஆகியவை வரும். பெரும்பாலும் ஒரு வாரத்தில் இவை தணியும். நீண்டகாலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம் என்பதால், அதை மருத்துவர் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும். இவை முடிந்த பிறகும் ஏக்கம் போவதில்லை. குடிக்காத மாலைப்பொழுதை என்ன செய்வது, வெட்கத்தோடு வீட்டாரை எப்படிப் பார்ப்பது என்பவை அப்போதுதான் எழுகின்றன.

முக்தாங்கணில் குழு உரையாடல், குடும்பத்தாருக்கான ஆலோசனை, உடற்பயிற்சி, இசை ஆகியவை சிகிச்சையின் பகுதிகள். போதையிலிருந்து மீண்டவர்களே ஆலோசகர்களாகவும் பணிபுரிகின்றனர். பட்டவர் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு என்பது 1935-இல் அமெரிக்காவில் தோன்றிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கமும் கண்ட உண்மை. இந்த அனுபவங்களை அவச்சட் ‘முக்தாங்கணச்சீ கோஷ்ட’ (முக்தாங்கணின் கதை) என்ற நூலில் எழுதினார்.

இயற்கையும் பொழுதும்

காகித மடிப்புக் கலை, மரச்சிற்பம், புல்லாங்குழல், ஓவியம், சமையல் என அவச்சட்டுக்குப் பல ஈடுபாடுகள் இருந்தன. அவற்றைப் பற்றி ‘சந்தாவிஷயீ’ என்ற நூல் எழுதினார். இயற்கை குறித்த அவருடைய சிறுவர் நூலான ‘ஸ்ருஷ்டீத் கோஷ்டீத்’ 2010-இல் சாகித்திய அகாதமியின் சிறுவர் இலக்கிய விருதைப் பெற்றது. ஓர் இலையை உற்றுப் பார்ப்பதற்கும் ஒரு நோயாளி சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்பதற்கும் தேவைப்படுவது ஒரே பொறுமைதான். அவருடைய இருவகை எழுத்தையும் இணைப்பது அது.

வேறொரு நாட்டில் இதே இணைப்பு இன்னொரு வடிவில் வெளிப்பட்டது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வளர்ந்த ஏமி லிப்ட்ராட், லண்டனில் குடிக்கு அடிமையாகி, சிகிச்சைக்குப் பின் தீவுக்குத் திரும்பினார். அங்கே அரிதாகிவரும் ஒரு பறவையினத்தைக் கணக்கெடுக்கும் பணியில் இரவுகளைக் கழித்தார். அந்த அனுபவமே ‘தி அவுட்ரன்’ (2016) என்ற நினைவுக்குறிப்பு. 2024-இல் அது திரைப்படமாகவும் வந்தது. லிப்ட்ராட் தம் கதையை எழுதினார். அவச்சட் பிறர் கதையை எழுதினார். காலியான பொழுதை ஈடுபாட்டால் நிரப்ப வேண்டும் என்பதை இருவர் வாழ்வும் காட்டுகிறது.

தமிழ்நாட்டுக்குப் பொருந்துவது

தமிழ்நாட்டில் 1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1971-இல் தளர்த்தப்பட்டது. 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக் வசம் உள்ளது. கடையைத் திறப்பதும் மூடுவதும் அரசின் முடிவு. குடியை விட்டவர் மறுநாள் மாலை எங்கே போவார் என்பது ஊரும் குடும்பமும் சேர்ந்து விடை காண வேண்டிய கேள்வி.

மம்சாபுரம் போன்ற ஊர்களுக்கு அருகிலேயே மலை இருக்கிறது. சாம்பல் நிற அணில்களுக்காக 1988-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு, 2021-இல் திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. மலையும் காடும் மட்டும் யாரையும் குணப்படுத்திவிடா. மருத்துவமும் உடன் நிற்கும் மனிதர்களும் முதலில் வேண்டும். அவர்கள் கிடைத்தபின், மீண்டவரின் மனம் தங்குவதற்கு ஓர் இடமும் வேண்டும். தோட்டவேலை, பறவை நோக்கல், மரம் வளர்ப்பு ஆகியவை அத்தகைய இடங்களாகலாம்.