தன் கடை மட்டும் போதுமா?



"சரக்கு நல்லதென்றால் தானே விற்கும்" என்று வகுப்பில் சொல்வேனே, நினைவிருக்கிறதா? "அப்புறம் நின்டெண்டோ 64 ஏன் தோற்றது தாத்தா?" என்று பேரன் மடக்கிவிட்டான். தேடிப் படித்தேன்.

1996இல் வந்த அந்தக் கருவிக்கு நின்டெண்டோ தானே தயாரித்த சூப்பர் மாரியோ 64 ஒரு கோடிக்கு மேல் விற்றது. ஆனால் நிறுவனம் கேட்ரிட்ஜை விடவில்லை. அதற்குச் செலவு அதிகம், கொள்ளளவு குறைவு. வெளியார் பலர் சிடி பயன்படுத்திய சோனி பிளேஸ்டேஷனுக்குப் போனார்கள். நெடுநாள் கூட்டாளியான ஸ்கொயரும் போனது. அதன் ஃபைனல் ஃபேன்டஸி 7, 1997இல் மூன்று சிடிகளில் அங்கே வெளியானது.

கடைசியில் நின்டெண்டோ 64 விற்றது சுமார் 3.3 கோடி, பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல்.

தன் கடை ஓடினால் மட்டும் சந்தை கூடாது. மற்றவர்கள் கடை போடவும் வழிவிட வேண்டும். நான் சொன்னது பாதிப் பாடம். மீதியைப் பேரனிடம் கற்றேன்.