கஞ்சா டொக்டரும் நவ்கான் வயல்களும்

வடக்கில் பேப்பர் வாசிக்கிற ஆருக்கும் 'கேரளக் கஞ்சா' என்ற சொல் நல்ல பழக்கம். கடற்கரையில் இத்தனை கிலோ, இத்தனை பேர் கைது, நீதிமன்றத்தில் முற்படுத்தல். அந்தச் செய்திகளில் கஞ்சா எப்பவும் ஒரு பொதி. அதுவும் ஒரு பயிர்தான், அதையும் யாரோ நாற்று நட்டு, பசளை போட்டு, கொப்பு வெட்டி வளர்த்திருப்பார்கள் என்ற நினைப்பே எங்களுக்கு வாறதில்லை.

மற்றப் பக்கம், இணையத்தில் இந்தச் செடியைப் 'பழக்குவது' பற்றிக் கனக்க வீடியோக்கள் கிடக்கு. நுனியைக் கிள்ளுவது, கொப்பை வளைத்துக் கட்டுவது, அடிக் கொப்புகளைக் கழித்துவிட்டுச் செடியின் பலத்தை மேலே அனுப்புவது. இந்தக் கடைசி வேலைக்கு 'லொலிபொப்பிங்' எண்டு பேர் வைத்திருக்கிறார்கள். விதையில்லாத பூவுக்கு 'சின்செமில்யா'. 'விதை இல்லாமல்' என்பதற்கான ஸ்பானியச் சொல் அது, 1970களில் கலிபோர்னியாவில் பிரபலமானது. பார்க்கிறவருக்கு, இதெல்லாம் அமெரிக்க இளைஞர்கள் கண்டுபிடித்த வித்தை போலத்தான் தோன்றும்.

உண்மையில் இந்த இரண்டு வேலையும், அடிக்கொப்பு கழிப்பதும் விதை கட்டாமல் பார்ப்பதும், அதற்கு நூறு வருசத்துக்கு முன்னமே வங்காளத்தில் வழக்கமான வயல்வேலை. ராஜ்ஷாஹி, தினாஜ்பூர், போக்ரா மாவட்டங்கள் சந்திக்கிற இடத்தில், நவ்கானைச் சுற்றி இருந்த நிலத்துக்கு 'கஞ்சா மஹால்' என்றே பெயர். இன்று அது பங்களாதேஷ். பிரித்தானிய அரசு அங்கே மட்டும் அனுமதிப்பத்திரத்தோடு பயிரிட விட்டது. 1877இல் ஹேம் சந்தர் கெர் என்ற டெபுடி கலெக்டரும், 1893இல் தாவரவியலாளர் டேவிட் பிரெய்னும் அந்தப் பயிர்ச்செய்கையைப் பற்றி விரிவான அறிக்கைகள் எழுதினார்கள். அங்கே நடந்ததை நாங்கள் இன்றைக்குத் தெரிந்துகொள்வது பெரும்பாலும் இப்படியான அரச அறிக்கைகளால்தான்.

வேலை ஓகஸ்டில் நாற்றுமேடையோடு தொடங்கும். செப்டெம்பரில் பிடுங்கி வரம்பு வரம்பாக நடுவார்கள். நவம்பரில் அடிக்கொப்புகளைக் கழித்து, பசளை போட்டு, மண் அணைப்பார்கள். செடி மேல்நோக்கிப் போகும், பூக்கதிர்களும் மேலே திரளும். அதுக்குப் பிறகுதான் முக்கியமான ஆள் வயலுக்குள் இறங்குவார்.

அவர் ஏன் வேண்டும் எண்டு விளங்கப் பனையை நினையுங்கள். ஆண்பனை வேறு, பெண்பனை வேறு. பாளை வரும்வரை எது எதுவென்று சொல்லுறது கஷ்டம். கஞ்சாவும் அப்பிடித்தான். மயக்கம் தரும் பிசின் பெண்செடியின் பூவில்தான் கூடுதலாகச் சுரக்கும். ஆண்செடியின் மகரந்தம் அந்தப் பூவில் பட்டால் செடி விதை கட்டத் தொடங்கும், பிசின் குறையும், சரக்குத் தரம் கெட்டுப்போகும். மகரந்தம் காற்றில் போகிறது, அதுக்கு வேலி கிடையாது. ஒருவர் வயலில் ஒரு ஆண்செடி தப்பிவிட்டால் பக்கத்து வயல்காரனுக்கும் நட்டம்.

அதனால் பூ முழுதாக விரியும் முன்னமே ஆண்செடிகளை அடையாளம் கண்டு அகற்ற வேண்டும். அதுக்கெண்டு தனித் தொழிலாளி இருந்தார். ஆங்கில அதிகாரிகள் அவரைக் 'கஞ்சா டொக்டர்' என்று எழுதினார்கள். ஊரில் அவர் போத்தார், அல்லது பரக்தார். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்தப் பெயர்கள்தான். போத்தார் என்றால் வங்காளத்தில் நாணயம் நல்லதா கள்ளதா என்று பரிசோதிப்பவர். பரக்தாரும் சோதிப்பவர்தான். செடிகளுக்கு நடுவே நடந்து, கணுவில் வந்த மொட்டைப் பார்த்து, 'இது செல்லும், இது செல்லாது' என்று பிரித்த ஒருவருக்கு விவசாயிகள் வைத்த பெயர் அது. ஒரு தரம் போனால் போதாது. பிந்தி மொட்டு விடும் செடிகள் இருக்கும், திரும்பத் திரும்ப வயலைச் சுற்ற வேண்டும்.

ஐரோப்பாவில் தாவரங்களுக்கும் ஆண் பெண் உண்டு என்பதைப் பரிசோதனை செய்து கமேராரியுஸ் எழுதியது 1694இல். அவர் பார்த்த செடிகளில் சணலின வகைக் கஞ்சாவும் ஒன்று. ஆனால் ஆங்கிலேய விவசாயிகளோ நாருக்காக வளர்த்த அதே செடியில், மெலிந்த ஆண்செடியைப் 'பெண்' என்றும் தடித்த பெண்செடியை 'ஆண்' என்றும் நீண்டகாலம் அழைத்து வந்தார்கள். நாருக்கு அந்தப் பிழை பெரிசாகப் பாதிக்காது. நவ்கானில் ஆள்மாறிப் பிடுங்கினால் அந்த வருச வருமானமே போச்சு.

பெப்ரவரி, மார்ச்சில் அறுவடை. வெட்டி வாடவிட்ட செடிகளை வட்டமாகப் பரப்பி, ஆட்கள் வரிசையாக நின்று காலால் மிதிப்பார்கள். அப்படிச் செய்தது தட்டைக் கஞ்சா. உருட்டிச் செய்தது உருண்டைக் கஞ்சா. உதிர்ந்த தூள் 'சூர்'. மூன்றுக்கும் அரசு மூன்று விதமாக வரி போட்டது. தட்டையில் தண்டு கூட என்பதால் வரி குறைவு, சூருக்கு அதிகம். விளைந்ததை வீட்டில் வைத்திருக்க முடியாது, நிறுத்துக் களஞ்சியத்துக்குப் போகவேணும். போத்தாரின் வேலை சரியாக நடப்பதில் அரசுக்கும் அக்கறை இருந்ததற்கு இதுதான் காரணம். தரம் கெட்டால் திறைசேரிக்கும் வருமானம் குறையும்.

இந்த வருமானம் லண்டனிலும் கேள்வியானது. மதுவிலக்கு இயக்கக்காரரான டபிள்யூ. எஸ். கேன் 1893இல் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் விஷயத்தைக் கிளப்ப, இந்தியக் கஞ்சா ஆணைக்குழு அமைக்கப்பட்டது. தலைவர் மக்வர்த் யங். ஏழு உறுப்பினரில் மூன்று பேர் இந்தியர். ஒருவர் அதே ராஜ்ஷாஹியில் தாஹிர்பூர் ஜமீன்தார் சசி சேகரேஸ்வர் ராய். 1193 சாட்சிகளை விசாரித்தார்கள். மனநோய் விடுதிப் பதிவேடுகளையும் கிண்டிப் பார்த்து, பைத்தியத்துக்குக் காரணம் 'கஞ்சா' என்று எழுதியிருந்த பல இடங்களில் ஆதாரமே இல்லை எனக் கண்டார்கள். மிதமான பாவனையால் பெரிய தீங்கில்லை, தடை வேண்டாம், வரியும் அனுமதிப்பத்திரமும் போதும் என்பது 1894 அறிக்கையின் முடிவு. நல்ல ஆய்வுதான், சந்தேகமில்லை. ஆனால் வரியை இழக்க விரும்பாத அரசுக்கு வசதியான முடிவும் அதுதான் என்பதை நாங்கள் மறக்கக்கூடாது.

அறிக்கையில் ஆணையாளர்களின் பெயர் எல்லாம் இருக்கு. வயலுக்குள் நடந்த போத்தாருக்குக் கிடைத்தது தொழிற்பெயர் மட்டும். பயிரிட்டவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கண்ணில் படுவது 1917இல், நவ்கான் கஞ்சாப் பயிரிடுவோர் கூட்டுறவுச் சங்கம் உருவானபோது. இடைத்தரகர்களிடம் விலைக்குக் கெஞ்சியவர்கள் தாங்களே சேர்ந்து விற்றார்கள். சங்கத்தின் இலாபத்தில் பள்ளிக்கூடங்களுக்கும் மருந்தகங்களுக்கும் காசு போனது. 1925 ஜெனீவா உடன்படிக்கை, 1961 ஐ.நா. உடன்படிக்கை என்று உலகச் சட்டம் ஒவ்வொன்றாக இறுக, இலங்கையிலும் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. நவ்கான் மட்டும் பிரிவினையையும், 1971 போரையும் தாண்டி, அரச அனுமதியோடு பயிரிட்டுக்கொண்டிருந்தது. 1980களின் இறுதியில் பங்களாதேஷ் அதையும் நிறுத்தியது. கலிபோர்னியாவில் சின்செமில்யா ஏற்கெனவே நல்ல விலை போய்க்கொண்டிருந்த காலம் அது.